பாஸ்கெட்பாலுக்கும் கொஞ்சம் இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை லைவா பாத்து மறக்க முடியாத மேட்ச் எதுன்னு வாசகர்கள் எழுதினத ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, ஒண்ணு விடாம படிச்சேன், அத்தனையும் கிரிக்கெட். வான்கடே இருக்கற ஊர்ல அப்படித்தான் வரும், தப்பு சொல்லல. ஆனா மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாலயும் நாக்பாடாவுலயும் பந்து தட்டி வளந்தவங்க இந்த மும்பைல எவ்ளோ பேர் இருக்கோம், எங்களுக்கும் அந்த மாதிரி காலைகள் இருக்கு. காலைன்னு சொல்றேன் ஏன்னா அமெரிக்காவோட பாஸ்கெட்பால் லீக் என்பிஏ, அங்க ராத்திரி மேட்ச், நமக்கு அது பால் காயற நேரம்.

எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது நாங்க தோத்த மேட்ச். 2013 ஃபைனல்ஸ், ஆறாவது கேம், நம்ம கணக்குல ஜூன் 19 புதன்கிழமை. நான் டிம் டங்கனுக்காகவே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பக்கம், எதிர்ல மயாமி ஹீட். ஏழு மேட்ச் சீரீஸ்ல 3-2 லீட், இது ஜெயிச்சா கப்பு, 28 செகண்ட்தான் பாக்கி, அஞ்சு பாயிண்ட் முன்னாடி இருக்கோம். ஆபீஸ் பைய மாட்டிக்கிட்டு செம்பூர் வீட்ல டிவி முன்னாடி நிக்கறேன், கோர்ட் ஓரத்துல மஞ்ச கலர் கயித்த கொண்டு வந்துட்டாங்க கப்பு குடுக்கறப்ப கூட்டத்த தடுக்கறதுக்கு, மயாமி ஜனங்க எழுந்து கெளம்பறாங்க. அப்புறம் மயாமியோட லெப்ரான் ஒரு த்ரீ, அதாவது மூணு பாயிண்ட் ஷாட், போட்டாரு, நாங்க ஃப்ரீ த்ரோல ஒரு பாயிண்ட் எடுத்தோம், லெப்ரானோட அடுத்தது மிஸ், டங்கன் அப்ப பெஞ்ச்ல, மிஸ்ஸாகி வந்த பந்த அவங்க க்றிஸ் பாஷ் புடிச்சு குடுக்க ரே ஆலன் கீழ பாக்காமலே பின்னாடியே நடந்து கார்னர்ல மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளிய போய் போட்டாரு பாருங்க, 95-95, இன்னும் 5.2 செகண்ட். ஓவர்டைம்ல 103-100 தோத்தோம், ஏழாவது மேட்சும் போச்சு, கப்பும் போச்சு. அடுத்த வருஷம் அதே மயாமிய 4-1னு அடிச்சோம், ஆனாலும் இது ஆறல. இப்போ யூடியூப்ல அந்த ஷாட்ட மட்டும் பத்து செகண்ட்ல பாக்கறவங்களுக்கு பந்து உள்ள போகும்னு முன்னாடியே தெரியும், அந்த கயிறு வந்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியாது.

இன்னொண்ணு 2016 ஏப்ரல் 14. தமிழ் வருஷப் பிறப்பு, அம்பேத்கர் ஜெயந்தி லீவும் கூட. காலைல எட்டு மணிக்கு கோபி ப்ரையன்ட்டோட கடைசி மேட்ச், யூட்டா ஜாஸ் கூட. அம்மா மாங்கா பச்சடிக்கு வேப்பம்பூ வறுக்கற வாசனை, அப்பாவும் நானும் லேப்டாப் முன்னாடி. 37 வயசு, இருபது வருஷமா லேக்கர்ஸுக்கே ஆடின மனுஷன், 50 ஷாட் எடுத்து 60 பாயிண்ட், நாலாவது குவார்ட்டர்ல மட்டும் 23. 101-96 ஜெயிச்சாங்க. அம்மா சாமி கும்பிட ரெண்டு தடவ கூப்ட்டாங்க, மூணாவது தடவ அவங்களே வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க. 2020 ஜனவரில கோபி போயிட்டார்னு நியூஸ் வந்தப்ப அம்மாதான் மொதல்ல அழுதாங்க. அந்த ஒரு மேட்ச்தான் அவங்க உக்காந்து பாத்தது.

2019 அக்டோபர்ல என்பிஏவே நம்ம ஊருக்கு வந்துச்சே, அதயும் யாரும் எழுதலயே! வொர்லி என்எஸ்சிஐ டோம், இண்டியானா பேஸர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும், ப்ரீ-சீசன்தான், சீசனுக்கு முந்தின தயாரிப்பு மேட்ச், ஆனா இந்தியால நடந்த மொத என்பிஏ மேட்ச். கிங்ஸ் ஓனர் விவேக் ரணதிவே மும்பைல பொறந்தவர். நான் சனிக்கிழமை போனேன், பேஸர்ஸ் 130-106னு சுலபமா ஜெயிச்சாங்க, பெருசா டென்ஷன் இல்ல, ஆனா டிவில கேக்காத ஒரு சத்தம் இருக்கு பாருங்க, அந்த ஷூ கிறீச்சிடறது, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு. நல்ல மேட்ச் முந்தின நாள் வெள்ளிக்கிழமைதான், ஓவர்டைம் போய் 132-131. அன்னிக்கு சீட்டெல்லாம் ஸ்கூல் பசங்களுக்கு, என் அண்ணன் பொண்ணும் அவ ஸ்கூலோட போயிருந்தா, வீட்டுக்கு வரும்போது தொண்டையே இல்ல. இப்ப காலேஜ் படிக்கறா. "அத்தே, அந்த மேட்ச நான் எழுதறேன், நீங்க எழுதாதீங்க"ன்னு சொல்லிட்டா. அவ லெட்டர் வந்தா தயவு செஞ்சு போடுங்க சார்.

இப்படிக்கு,
செம்பூர் வாசகி,
மும்பை