தாங்கா கடற்கரையில் விட்டுவந்த பெயர்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்காகச் சண்டையிட, நம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய படை ஒன்று 1914 நவம்பரில் ஆப்பிரிக்கக் கடற்கரையில் போய் இறங்கியது. 63-வது பாளையங்கோட்டை லைட் இன்பேன்ட்ரி என்ற காலாட்படை அது. இறங்கிய இடம் தாங்கா. அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா, இன்று தான்சானியா. சுவாஹிலி மொழியில் தாங்கா என்றால் கப்பல் பாய் என்று பொருள். இந்தப் படையைப் பற்றி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே செத்தவர்களுக்கு நம் மண்ணில் ஒரு கல் வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உலகப் போர்களில் படைகள் இறங்கிய கடற்கரைகளுக்கு நினைவு நாள் உண்டு: நார்மண்டி என்றால் ஜூன் 6, கல்லிப்போலி என்றால் ஏப்ரல் 25. அந்த நாட்களில் விடியும் முன்பே கடற்கரையில் கூடிப் பெயர் சொல்லி அஞ்சலி செலுத்துகிறார்கள். தாங்காவுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. ஏனென்றால் அது தோற்ற சண்டை. தோல்விக்கான பழியும் மிக எளிதாகச் சிப்பாய்களின் தலையில் விழுந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கனின் தலைமையில் சுமார் 8,000 பேர் அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறினார்கள். பலரை அதற்கும் முன்பே கப்பலில் ஏற்றித் துறைமுகத்திலேயே காக்க வைத்திருந்தார்கள். கடல் பார்த்தறியாதவர்கள் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார்கள். புது ரகத் துப்பாக்கி கைக்கு வந்ததே புறப்படும் சமயத்தில்தான். அதைச் சுட்டுப் பழக நாள் எங்கே இருந்தது? நவம்பர் 2 காலையில் ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் தாங்கா துறைமுகத்துக்குப் போய், சரணடையுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்தது. எதிரிக்கு வேறென்ன வேண்டும்? ஜெர்மன் தளபதி பவுல் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக் மோஷியிலிருந்து ரயிலிலேயே ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அவரிடம் ஆயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள், பெரும்பாலும் அஸ்காரிகள் எனப்படும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். ஆனால் அவர்களுக்கு அந்த மண் தெரியும்.

நம்மவர்கள் இறங்கியது ராஸ் காஸோனே முனையில். அலையாத்திச் சேறு, அதைத் தாண்டினால் மேடு, மேட்டுக்கு மேல் ரப்பர் தோட்டமும் புதரும். முன்கூட்டி வேவு பார்க்க யாரும் போகவில்லை. 3-ஆம் தேதி காலை 13-வது ராஜபுத்திரர்களும் 61-வது பயனியர்களும் முதலில் மோதிப் பின்வாங்கினார்கள். இந்தப் பயனியர்களும் சென்னைப் படைதான். பாதை போடுவதும் அகழி வெட்டுவதும் அவர்களுடைய முதன்மை வேலை. அவர்களைத்தான் முதல் அலையில் நிறுத்தினார்கள். மறுநாள் நண்பகல் கடந்து எல்லாப் படைகளும் முன்னேறின. காஷ்மீர் ரைஃபிள்ஸ் ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டது. இயந்திரத் துப்பாக்கிகளின் சூட்டில் பாளையங்கோட்டைப் படை சிதறியது. மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து தேனீக்கள் 98-வது இந்தியக் காலாட்படைமீது பாய்ந்தன. ஜெர்மானியர்கள் தேனீக்களை ஏவிவிட்டதாகப் பின்னால் கதை கட்டினார்கள். தேனீக்கு நாடு ஏது, இரு பக்கத்தையும்தான் கொட்டின.

5-ஆம் தேதி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இயந்திரத் துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கரையிலேயே கிடந்தன. ஏறத்தாழ 360 பேர் இறந்திருந்தார்கள், 480-க்கும் மேற்பட்டோர் காயப்பட்டிருந்தார்கள்.

பாளையங்கோட்டைப் படை ஓடியது உண்மை. அதை மறைத்து வீர வசனம் எழுதச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பின்னால் முப்பது ஆண்டுப் புறக்கணிப்பு இருந்தது. 1880-களில் சென்னை மாகாணப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் தெற்கத்திக்காரர்கள் போர்க்குலம் அல்ல என்று முடிவுகட்டினார். அதன்பின் சென்னைப் படைகள் சுருங்கின. தமிழரும் தெலுங்கரும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஒன்றாக நின்ற படைகள் அவை. நல்ல தளவாடமும் நல்ல பயிற்சியும் வடக்குக்குப் போயின. கடைசியில் அவர்களையே கொண்டுபோய் அந்தச் சேற்றில் இறக்கிவிட்டு, இவர்கள் கோழைகள் என்று எழுதினார்கள் சில அதிகாரிகள். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

இறந்த பிறகாவது சமமாக நடத்தினார்களா? 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கவில்லை, அல்லது எந்த நினைவும் இல்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார். இராக்கிலுள்ள பஸ்ரா போர் நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது, இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கைதான். நம் பக்கமும் பழைய கல்வெட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன: இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் நீத்தவர்கள் இத்தனை பேர். யார் என்று இல்லை.

இது நம் வழக்கமே அல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல்லைப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்ட தீயன் அந்தவனின் கல் என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் பெயரோடு இருக்கிறது. மாடு பிடிக்கப் போய்ச் செத்தவனுக்கே கல்லும் பெயரும் வைத்த மண் இது. கடல் கடந்து செத்தவனை எண்ணாக்கிவிட்டோமே!

நான் கேட்பது இதுதான். போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் படைப்பிரிவின் பெயரைப் போட்டாலே இறந்தவர்களின் பட்டியல் கிடைக்கும். சிலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கும். ஆங்கிலத்தில் தாறுமாறாக எழுதப்பட்ட பெயர்களைத் தமிழில் திருத்தி எழுத நம் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் போதும். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில், அல்லது பழைய கோட்டையின் மிச்சமாக நிற்கும் மேடை போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு கல் நடுங்கள். பாளையங்கோட்டைப் படையையும் பயனியர்களையும் சேர்த்தே எழுதுங்கள். நின்றவர், ஓடியவர் என்று பிரிக்க வேண்டாம். அதிகாரி முதலில், சிப்பாய் பின்னால் என்றும் வேண்டாம், அகர வரிசை போதும். தாங்காவில் செத்த அஸ்காரிகளுக்கும் அதே கல்லில் ஒரு வரி இருக்கட்டும். அவர்களும் அடுத்தவன் சண்டையில் மாண்டவர்களே.

திறப்பு விழா நவம்பர் 4-ல் நடந்தால் நல்லது. மேடையில் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளை விட்டு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைக்காரன் ஒருவன்