மடிக்கணினியிலிருந்து இணையத்தைப் பகிர முடியாமை தொடர்பான முறைப்பாடு

செயலாளர்,
சனசமூக நிலையம்,
ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

தங்கள் நிறுவனத்தின் கிளிநொச்சிக் கிளையில் எமது சனசமூக நிலையத்தின் பெயரில் டொங்கிள் (சிம் போட்டுக் கணினியில் செருகும் இணையக் கருவி) ஒன்றையும் மாதாந்த டேட்டா பெக்கேஜ் ஒன்றையும் வாங்கினோம். வாங்குமுன்னரே எமது தேவையைக் கிளை அலுவலரிடம் தெளிவாக எடுத்துச் சொன்னோம். நிலையத்தில் உள்ளது ஒரேயொரு மடிக்கணினி. டொங்கிளை அதில் செருகி, விண்டோஸில் உள்ள மொபைல் ஹொட்ஸ்பொட் வசதியின் மூலம், மாலையில் படிக்க வரும் சாதாரண தர, உயர்தர மாணவர்களின் கைத்தொலைபேசிகளுக்கும் டெப்களுக்கும் இணையத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். "தாராளமாகச் செய்யலாம்" என்று அவர் கூறியதை நம்பியே நிலைய நிதியிலிருந்து பணத்தைக் கட்டினோம்.

மடிக்கணினியில் இணையம் எந்தக் குறையுமின்றி இயங்குகிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தின் பாடங்கள் திறக்கின்றன, கடந்தகால வினாத்தாள்கள் தடையின்றி இறங்குகின்றன. ஆனால் அதே மடிக்கணினியின் ஹொட்ஸ்பொட்டில் இணையும் எந்தக் கருவியிலும், வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரிந்தபோதும், "இணையத் தொடர்பு இல்லை" என்ற அறிவிப்பே வருகிறது.

இதுபற்றித் தங்கள் உதவித் தொலைபேசி இலக்கத்துக்குப் பலமுறை அழைத்தோம். மடிக்கணினியை மறுபடி இயக்குமாறும், வைஃபை ட்ரைவரை நீக்கி மீள நிறுவுமாறும், வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்துமாறும் ஒவ்வொருவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், அத்தனையும் செய்தோம். கடைசியாகப் பேசியவர், கோளாறு மடிக்கணினியில்தான் என்று முடிவுகட்டி, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொன்னார். நிலையத்தின் அங்கத்தவர் பதிவேடும் கணக்குகளும் இருக்கும் கணினியை, காரணம் எதுவும் காட்டப்படாமல் அழித்துவிட முடியாது என்பதால், கோளாறு எங்கே என்பதை நாமே படிப்படியாகச் சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தோம். அந்தச் சோதனைகளின் முடிவுகளே இம்முறைப்பாட்டுக்கு அடிப்படை என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மடிக்கணினிக்கும் மாணவர் கருவிகளுக்கும் இடையிலான பகுதியைப் பார்த்தோம். பழைய டெப்கள் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் காண்பதில்லை என்பதால் ஹொட்ஸ்பொட்டை 2.4 இல் வைத்தோம். விண்டோஸ் ஒரே நேரத்தில் 8 கருவிகளையே அனுமதிக்கும் என்பதால் அதற்குக் குறைவாகவே இணைத்தோம். விண்டோஸ் இணையத்தைப் பகிரும்போது தனக்கு 192.168.137.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, இணையும் கருவிகளுக்கு அதே வரிசையில் முகவரிகளை வழங்கும். எல்லாக் கருவிகளும் அந்த வரிசையிலேயே முகவரி பெற்றிருந்தன. பகிர்வுச் சேவை செயலிழந்திருந்தால் கருவிகள் தாமாகவே இட்டுக்கொள்ளும், 169.254 என்று தொடங்கும் முகவரிகளே தென்பட்டிருக்கும். அப்படி எதிலும் இல்லை. கருவிகளிலிருந்து மடிக்கணினிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பியபோது பதில் உடனே வந்தது. வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு அனுப்பியபோது ஒரு பதிலும் வரவில்லை. பெயர் கொடுக்காமல் எண் முகவரிக்கே அனுப்பியும் போகாததால், இது டிஎன்எஸ் (இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) சிக்கல் என்று தங்கள் அலுவலர் ஒருவர் கூறியதும் பொருந்தவில்லை.

அடுத்து, டொங்கிளைக் கழற்றிவிட்டு, வேறொரு நிறுவனத்தின் சிம் உள்ள கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பி வழியாக அதே மடிக்கணினியுடன் இணைத்து, எந்த அமைப்பையும் மாற்றாமல் ஹொட்ஸ்பொட்டை இயக்கினோம். எல்லாக் கருவிகளிலும் இணையம் வந்தது. பின்னர் தங்கள் சிம்மை டொங்கிளிலிருந்து எடுத்து ஒரு கைத்தொலைபேசியில் போட்டோம். அந்தத் தொலைபேசியில் இணையம் இருந்தது. அதன் ஹொட்ஸ்பொட்டில் இணைந்த கருவிகளில் இல்லை. இந்தச் சோதனையில் எமது மடிக்கணினியும் இல்லை, தங்கள் டொங்கிளும் இல்லை. எஞ்சியது தங்கள் சிம்மும் தங்கள் வலையமைப்பும் மட்டுமே.

இறுதிச் சோதனையே எல்லாவற்றிலும் தெளிவானது. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியும் டீடீஎல் (TTL) என்ற எண் ஒன்றைச் சுமந்து செல்கிறது. விண்டோஸ் அதை 128 என்றும் அண்ட்ரொய்ட் 64 என்றும் தொடங்கும். பொதி ஒரு கருவியைக் கடந்து செல்லும்போது அது ஒன்றால் குறையும். ஆகவே மடிக்கணினியே அனுப்பும் பொதி 128 உடனும், அதன் ஊடாக வரும் இன்னொரு கணினியின் பொதி 127 உடனும் தங்கள் வலையமைப்பை அடையும். ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த இரண்டாவது மடிக்கணினியை ஹொட்ஸ்பொட்டில் இணைத்தோம். வழக்கம்போல இணையம் வரவில்லை. எமது மடிக்கணினியைக் கடந்த பின் 128 ஆகும்படி, அதில் தொடக்க எண்ணை 129 ஆக மாற்றியதும் இணையம் வந்தது. மீண்டும் 128 ஆக்கியதும் நின்றது. ஒரு கோளாறு இப்படி எண் பார்த்து வராது. பகிரப்பட்ட இணைப்புகளைக் கண்டறிந்து மறிக்கும் ஏற்பாடொன்று இந்தப் பெக்கேஜுக்குத் தங்கள் பக்கத்தில் இடப்பட்டுள்ளது என்பதைத் தவிர வேறு விளக்கம் எமக்குத் தெரியவில்லை.

எண்ணை மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். மாணவர்களின் கைத்தொலைபேசிகளில் அதைச் செய்வது இலகுவல்ல. அதைவிட, பணம் கொடுத்து வாங்கிய சேவையை ஒளித்துப் பயன்படுத்த வேண்டிய தேவை எமக்கு இல்லை. நாம் வாங்கியது அளவு குறிக்கப்பட்ட டேட்டா. வரட்சிக் காலத்தில் காசு கொடுத்து வாங்கும் பவுசர் தண்ணீரை எந்தக் குடத்தில் நிரப்புவது என்று விற்றவர் கட்டளையிடுவதில்லை. பகிரக் கூடாது என்பது தங்கள் நிபந்தனையானால் அது விற்பனைக்கு முன் சொல்லப்பட்டிருக்க வேண்டும். டொங்கிளின் பெட்டியிலோ பற்றுச்சீட்டிலோ அப்படி ஒரு வரி இல்லை. கிளை அலுவலரோ அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்.

எமது கிராமத்துக்கு நிலத்தொலைபேசிக் கம்பி இன்னும் வரவில்லை. கிளிநொச்சிக்கு வருவதானால் மாங்குளம் சென்று அங்கிருந்து ஏ9 வீதியில் பஸ் மாற வேண்டும். ஆகவே "கணினியைக் கிளைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்ற பதிலை இனியும் ஏற்க இயலாது. கணினியில் பார்க்க வேண்டியது எதுவும் மீதமில்லை.

எனவே, இந்த இணைப்பில் பகிர்வைத் தடுக்கும் ஏற்பாட்டை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நீக்க முடியாதெனில், அதற்கு ஆதாரமான நிபந்தனையைத் தமிழில் எழுத்துமூலம் அறிவித்து, டொங்கிளின் விலையையும் கட்டிய மாதாந்தக் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பகிர்வு அனுமதிக்கப்பட்ட வேறு பெக்கேஜ் இருந்தால், மேலதிகக் கட்டணமின்றி அதற்கு மாற்றித் தருவதையும் ஏற்றுக்கொள்வோம். எது செய்வதானாலும், உதவித் தொலைபேசியில் பதிலளிப்பவர்களுக்கு இந்தத் தடை பற்றித் தெரிவியுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு வேறு யாரேனும் தமது கணினியை அழித்துவிடக் கூடும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிடில், 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் இதே விபரங்களுடன் முறையிடுவோம். பற்றுச்சீட்டின் பிரதியும் மேற்கூறிய சோதனைகளின் திரைப்பிடிப்புகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்,
சனசமூக நிலையம்.