கொக்குக்கு: ஏழு ஊர் வேண்டாம், நான்கு போதும்

அன்புள்ள கொக்கு,

இத்தனை நாள் மௌனத்துக்காக நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கை பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பறவை பார்க்க என்று நீ அனுப்பிய இலங்கைப் பயணத் திட்டத்தைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்க மறுக்கிறது.

ஒன்பது ராத்திரிக்கு ஏழு ஊரா? மன்னார், சிகிரியா, கண்டி, நுவரெலியா, யால, சிங்கராஜா, காலி. அதுவும் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு! தேர்தல் பிரசாரத்துக்குப் போகிறவன்கூட இப்படி ஓடமாட்டான். அங்கே மலைப்பாதையில் மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிய காரியம். விடிந்து முதல் மூன்று மணி நேரம்தான் காட்டில் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். உன் திட்டத்தில் பாதி நாள் அந்த மூன்று மணி நேரமும் வேனுக்குள்ளேயே கழிகிறது. காலண்டரில் பிப்ரவரியைக் குறித்தாயே, அது ஒன்றுதான் உருப்படி. தென்மேற்கில் மழை ஓரளவு குறைந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் திரும்பிப் போயிருக்காது.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத, இலங்கைக்கே உரிய பறவைகள் முப்பதுக்கு மேல். அவற்றில் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் தென்மேற்கின் ஈரக்காட்டிலும் நடுமலையிலும்தான் இருக்கின்றன. யாலவில் உனக்குக் கிடைப்பது மயில், மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா. இதற்காகவா கடல் தாண்டிப் போவது? சிறுத்தை பார்க்க ஆசை என்றால் அதை வேறொரு பயணமாக வைத்துக்கொள். மன்னார் அருமையான இடம், மறுக்கவில்லை. வங்காலைப் பக்கம் பூநாரையும் கடலோர வலசைப் பறவைகளும் கொள்ளை கொள்ளையாக இருக்கும். ஆனால் அது வடக்குக் கோடி, சிங்கராஜா தெற்கு. இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாது.

ஆகவே இப்படி மாற்று: கித்துல்கல இரண்டு ராத்திரி, சிங்கராஜா மூன்று, திஸ்ஸமஹாராம ஒன்று, நுவரெலியா மூன்று. திஸ்ஸவில் இறங்கிய அன்று மாலை பக்கத்திலுள்ள புந்தல தேசியப் பூங்காவுக்குப் போய் வரலாம். உப்பளங்களில் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் போன்ற கரைப்பறவைகள் எல்லாம் பக்கத்திலேயே மேயும். பழைய புத்தகத்தை நம்பி அங்கே பூநாரையைத் தேடாதே. பாசன வடிகால் தண்ணீர் காயல்களில் கலந்து உவர்ப்பு குறைந்துபோனதில் அவை இடத்தைக் காலி செய்துவிட்டன.

சிங்கராஜாவுக்கு ஏன் மூன்று ராத்திரி என்று நீ கேட்பாய். கேள். அந்தக் காட்டில் பறவைகள் தனித்தனியாக இரை தேடுவது குறைவு. பல இனம் கலந்த கூட்டமாகத் திரிகின்றன. பறவை ஆய்வாளர்கள் சரத் கொட்டகம, எபன் குடேல் இருவரும் 474 கூட்டங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்: சராசரியாக ஒரு கூட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு இனங்கள், நாற்பது சொச்சம் பறவைகள். கூட்டத்தின் முதுகெலும்பு ஆரஞ்சு அலகுச் சிலம்பன். கத்திக்கொண்டே புதரைக் கலைத்து முன்னேறும். கலைந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கக் கொண்டைக் கரிச்சான் கூடவே வரும். கரிச்சான் சும்மா ஒட்டுண்ணி என்று நினைத்துவிடாதே. வல்லூறு வந்தால் நம்பகமாக எச்சரிப்பது அதுதான். மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து ஒலிக்கும், அதைக் கேட்டுக் கூட்டத்துப் பறவைகள் அதை நாடி வரும். அதனால் அங்கே காதில் விழுவதை எல்லாம் நோட்டில் எழுதாதே. ஐந்து இனம் என்று நீ குறிப்பது ஒரே ஒரு கரிச்சானாக இருக்கும்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு மணி நேரம் காடு வெறிச்சென்று கிடக்கும். வழிகாட்டியை நச்சரித்து வேறு பாதைக்கு இழுப்பார்கள். அந்த நேரத்தில் கூட்டம் பழைய பாதையைக் கடந்து போயிருக்கும். நீ குடாவ வாசல் வழியாகப் போ. அங்கே 1970களில் மரம் வெட்டிக் கொண்டுபோகப் போட்ட பழைய பாதை இருக்கிறது. அகலமானது, அதிக ஏற்றமில்லை, இரண்டு பக்கமும் பார்வை திறந்திருக்கும். வாத்தியாருக்கு அதுதான் சரி. அங்கே நில். சிலம்பன்களின் சளசளப்புக் கேட்டதும் அதை நோக்கி ஓடாமல், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்து அதற்கு முன்னால் போய் நின்றுகொள். கூட்டம் உங்கள் தலைக்கு மேலேயே வரும், சில நிமிடத்தில் தாண்டிப் போய்விடும்.

அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். நீ மேலே பார், வாத்தியார் கீழே பார்க்கட்டும். தரையையும் புதரையும் ஒட்டிச் சாம்பல்தலைச் சிலம்பன். நடுமட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தீக்காக்கை. அதன் முதுகு நம் பக்கம் இருந்தால் பழுப்பு இலை என்று கடந்துவிடுவோம். உச்சியில் செம்முகப் பூங்குயிலும் வெண்முக மைனாவும். பூங்குயில் கிளை விட்டுக் கிளை அணில் மாதிரி ஓடும், பறப்பது அரிது. இலை மறைவில் வாலின் வெள்ளை நுனிதான் முதலில் தெரியும். ‘அதோ, அந்த மரத்தில்’ என்று கத்திப் பிரயோசனம் இல்லை. மரத்தின் தலையைக் கடிகாரமாக வைத்து ‘இரண்டு மணி, உள்கிளை’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கேமராவை முதல் ஒரு நிமிடம் எடுக்கவே எடுக்காதே. காக்கைக் குடும்பத்து நீல மேக்பை ஒன்று வந்துவிட்டால் நீ அதையே படமெடுத்துக்கொண்டு மற்றவை அத்தனையையும் தவறவிடுவாய், உன்னைத் தெரியாதா! மேக்பைக்கு வேறு வழி இருக்கிறது. காட்டோரத் தங்குமிடங்களில் ராத்திரி விளக்குக்கு வந்த அந்துப்பூச்சியைப் பொறுக்க விடிகாலையில் அதுவே வரும். டீயும் கையுமாகப் பார்க்கலாம்.

அந்தப் பாக்கெட் பைனாகுலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10×25 ‘லேசாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். முன் லென்ஸின் விட்டத்தை (அந்த 25) உருப்பெருக்கத்தால் (அந்த 10) வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். உன்னுடையதில் அது 2.5 மி.மீ., 8×42ல் 5.25. பரப்பில் நான்கு மடங்குக்கு மேல். மழைக்காட்டின் இருட்டில் உன் கருவியில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். எட்டு மடங்கு போதும். பார்வைப் பரப்பு அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். ஏசி அறையில் வைத்து எடுத்து வெளியே வந்தால் லென்ஸ் முழுக்கப் பனித்துக்கொள்ளும், நல்ல நேரம் அதைத் துடைப்பதிலேயே போய்விடும். ராத்திரி அதைப் பைக்குள் போட்டு ஏசி இல்லாத இடத்தில் வை. கொசு மருந்து தடவிய கையால் தொடாதே, சில மருந்துகள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

அட்டை இருக்கும், பயப்படாதே. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கு. பேன்ட்டின் கீழ்ப்பகுதி அதற்குள் போக வேண்டும், மேலே நாடா இறுக்கமாக. கடித்துவிட்டால் வெடுக்கென்று பிய்க்காதே. மெல்லிய முனைப் பக்கம் நகத்தைக் கொடுத்துத் தள்ளு. ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் விட்ட பிறகும் கசியும். வாத்தியார் ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேள். சாப்பிட்டால் புறப்படும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை. மழைக்கோட்டு வேண்டாம், சரசரக்கும், உள்ளே வேர்த்து நனையும். குடைதான்.

இன்னொன்று, இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதே. வாத்தியாருக்கு உயர்ந்த சுருதிகள் காதில் விழுவதில்லை. அவர் சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். வழிகாட்டி முன்னால் ‘கேட்குதா சார்?’ என்று நீ கேட்டு வைக்காதே. குரல் வந்த திசையைக் கையால் காட்டு, போதும். அவருக்கு எட்டும் குரல்களும் அங்கே நிறைய இருக்கின்றன. பச்சை அலகுச் செம்போத்து விடிகாலையில் அடித்தொண்டையிலிருந்து ஆழமாகக் கூவும். தவளைவாயன் பகலில் ஜோடியாகத் தாழ்ந்த கிளையில் காய்ந்த இலை போல உட்கார்ந்திருக்கும். வழிகாட்டிகளுக்கு இடம் தெரியும், அதற்குக் காதே வேண்டாம்.

நுவரெலியாவிலும் அப்படித்தான் யோசித்து வைத்திருக்கிறேன். சீகாரப் பூங்குருவியின் குரல் ஊசி போலக் கூர்மையானது, அவருக்குக் கேட்காது. விடிந்தும் விடியாத சில நிமிடம்தான் அது வெளியே வரும். ஹோர்ட்டன் சமவெளியில் பாதையோரக் குளத்தருகே இருட்டிலேயே போய் நிற்க வேண்டும். 2,100 மீட்டர் உயரம், பிப்ரவரியில் உறைபனி விழும் நாட்களும் உண்டு, கையுறை எடுத்துக்கொள். அவர் வரவில்லை என்றால் வற்புறுத்தாதே. ஊருக்குள் விக்டோரியா பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக்குருவியும் பார்த்துவிடுவார். பின்பக்கம் நாற்றமடிக்கும் ஓடை ஒன்று உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் அங்கேதான் நிற்க வேண்டும், நல்ல பறவையெல்லாம் அதில்தான்.

கித்துல்கலவில் செரண்டிப் ஆந்தை. இலங்கைப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் குரலைக் கேட்டு, 2001இல்தான் கண்ணால் பார்த்தார். 2004இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை. பகலில் அடர்ந்த புதருக்குள் தாழ்வாக அடைந்திருக்கும். வழிகாட்டி உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து கூப்பிடுவார், அதுவரை நீங்கள் பாதையிலேயே இருங்கள். ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டு வரவழைக்கச் சொல்லாதே. எல்லைக்குள் போட்டியாளன் வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலைக்கழியும். ஃபிளாஷும் வேண்டாம். கூடுதலாகப் பணம் கொடுத்தால் செய்துதருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறதே, ஊருக்கே தெரியும்.

வேனை உறுதி செய்வதற்கு முன் திருத்திய திட்டத்தை எனக்கு அனுப்பு. வாத்தியாரின் மாத்திரை விவரத்தை இந்த வாரமே கேட்டு எழுது. அந்த 10×25ஐ உன் தங்கை பெண்ணுக்குக் கொடுத்துவிடு, மைதானத்தில் கிரிக்கெட் பார்க்க உதவும்.

உன்,
மரங்கொத்தி