வினிகரைக் குறைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர்கால விருந்துக்கென்று நீங்கள் வெளியிட்ட ஆப்பிள் சட்னி, ஓவனில் சுட்ட பன்றிக்கறி செய்முறையில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். புளிப்பு பிடிக்காதவர்கள் வினிகரைப் பாதியாக்கலாம் என்றது ஒன்று. சட்னியைப் பச்சைக் கறியின் மேல் பூசி ஓவனில் வைக்கச் சொன்னது மற்றொன்று.

முதலாவதுதான் ஆபத்தானது. ஆப்பிளுக்குச் சொந்தப் புளிப்பு உண்டு. கூடச் சேரும் வெங்காயம், பூண்டு, இஞ்சிக்கு அது போதாது. மூடிய ஜாடியில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராமல் இருக்க, புளிப்பைக் காட்டும் பிஹெச் எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது வினிகர். தோல், விதை நீக்கிய ஆப்பிள் 1 கிலோவுக்கு வெங்காயம் 250 கிராம், உலர்திராட்சை 100 கிராம், சர்க்கரை 400 கிராம், இஞ்சி 25 கிராம், உப்பு 10 கிராம் என்றால், 5 சதவீத அமிலமுள்ள வினிகர் 500 மி.லி. வேண்டும். தண்ணீர் கலந்து நீர்க்கவும் கூடாது. புளிப்புக் குறைவாகத்தான் வேண்டும் என்பவர்கள் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கட்டும்.

அடுப்பில் இருக்கும்போது ருசி பார்த்துவிட்டுப் பயப்படுவதால்தான் இந்தக் குழப்பம். சூட்டில் வினிகர் மூக்கில் ஏறும், தொண்டையைப் பிடிக்கும். அது செய்முறையின் குறை அல்ல. ஜாடியில் அடைத்து, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் ஆறு வாரம் வைத்தால் காரமும் இனிப்பும் புளிப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து அடங்கிவிடும். விருந்துக்கு முதல் நாள் செய்கிற பண்டம் இல்லை இது.

பழமும் வெங்காயமும் வினிகரில் நன்றாக வெந்து குழைந்த பிறகே சர்க்கரையைப் போட வேண்டும். முன்பே போட்டால் பழத்துண்டு விறைத்துக் குழையாமல் நிற்கும், அடியும் பிடிக்கும். அதன்பின் சிறு தீயில், கடைசி கால் மணி நேரம் கை எடுக்காமல் கிளற வேண்டும். மரக்கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுங்கள். அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடி வந்து நிரம்பாவிட்டால் பதம் சரி. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். செம்பும் பித்தளையும் அலுமினியமும் வினிகரோடு சேர்ந்தால் உலோக வாடை வரும். ஜாடிகளைக் கழுவி 140 டிகிரி செல்சியஸ் ஓவனில் 15 நிமிடம் வைத்து, அந்தச் சூட்டோடு கொதிக்கும் சட்னியை நிரப்ப வேண்டும். குளிர்ந்த ஜாடி விரிசல் விடும். மூடியின் உட்புறம் வெறும் தகரமாக இருந்தால் வினிகர் அரித்துவிடும்.

இனி கறி. சர்க்கரை அதிகமுள்ள சட்னியை ஆரம்பத்திலேயே பூசினால், உள்ளே வேகுமுன் மேலே கருகிக் கசக்கும். கடைசி 15 நிமிடத்தில் மெல்லிதாகப் பூசினால் போதும். அதற்கும் தேவையானதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கறியில் பட்ட தூரிகை ஜாடிக்குள் போகவே கூடாது. முதல் நாளே கிலோவுக்கு 10 கிராம் உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேற்பரப்பு உலர்ந்து நன்றாகச் சிவக்கும்.

எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதைவிடத் தெர்மாமீட்டரை நம்புவது மேல். கொழுப்பு குறைந்த பன்றி முதுகுக்கறியின் நடுவில் 63 டிகிரி வந்ததும் எடுக்கலாம், கோழியானால் 74. நீங்கள் சொன்ன தோள்கறிக்கு 63 போதாது. அதிலுள்ள இணைப்புத் திசு கரைந்து நார் நாராகப் பிரிய 90 டிகிரி வரை போக வேண்டும். வெளியே எடுத்து 20 நிமிடம் விட்டு நறுக்கினால் சாறு பலகையில் அதிகம் ஓடாது.

பழம் மலிந்திருக்கும் இந்த வாரங்களிலேயே பலர் ஜாடிகளை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே அடுத்த இதழிலேயே வினிகர் அளவையாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்