கோட்டு கருப்பாகத்தான் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டு பிரிண்டர் வாங்குவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மைத்துளி எவ்வளவு சிறியதோ அந்த அளவுக்குப் படம் நன்றாக வரும் என்று அதில் இருந்தது. கலர் படத்துக்குப் பெரும்பாலும் சரி. கருப்பு வெள்ளைக்கு அது பாதி உண்மைதான். அந்த மீதியைச் சொல்லாமல் விட்டதால்தான் எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஆப்செட் அச்சகங்களில் 21 வருஷம் பிளேட் போடும் பிரிவில் இருந்தவன். இப்போது சாத்தூரில் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, கறை கீறல் எடுத்து, இங்க்ஜெட்டில் பிரிண்ட் போட்டுத் தருகிறேன். வருவதில் முக்கால்வாசி இறந்தவர்களின் படங்கள். பதினாறாம் நாளுக்குள் ஃபிரேம் போட்டு வேண்டும் என்று ஓடி வருவார்கள்.

சென்ற மாதம் ஒரு அம்மா, வேறு ஊர்க் கடையில் எடுத்த 12க்கு 18 படத்தோடு வந்தார். 1968-இல் ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம். மூலப் படத்தில் அவர் கணவரின் தலைமுடி எண்ணெய் வைத்துப் படிய வாரியது, மையாகக் கருத்திருக்கிறது. அவர் போட்டிருந்த கோட்டு அதைவிடக் கருப்பு. புதுப் படத்திலோ முடியில் சாம்பல் பூத்திருந்தது. கோட்டு, வெயிலில் வெளுத்த குடைத்துணி போல. "இது அவரு இல்ல தம்பி" என்றார். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

டாட் பார்க்கிற லென்ஸை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே வெள்ளைப் பேப்பர் ஊசிமுனை ஊசிமுனையாக எட்டிப் பார்த்தது. கருப்பு கெட்டது அங்கேதான்.

பிரிண்டர் பேப்பரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் புள்ளி வைக்கிறது. 720 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்தில் 720 புள்ளி என்றால், ஒரு கட்டம் 35 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). விழுகிற புள்ளியும் அதே 35 மைக்ரான் என்றால், வட்டம் சதுரத்தை மூடாது. நாலு மூலையிலும் வெள்ளை நிற்கும், நூற்றுக்கு 21 பங்குக்கு மேல். மூலைவரை மூட வேண்டுமானால் புள்ளி 50 மைக்ரானாவது இருக்க வேண்டும். துளியைச் சிறிதாக்கிவிட்டுக் கட்டத்தை அப்படியே விட்டால் கருப்பு ஓட்டை ஓட்டையாகத்தான் வரும். 1440 டிபிஐக்குப் போனால் 25 மைக்ரான் புள்ளி போதும், ஏனென்றால் கட்டம் பாதியாகிவிடுகிறது.

கொஞ்சம் வெள்ளை தெரிந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று தோன்றலாம். புள்ளி மூடிய இடத்தையும் கருப்பின் அளவையும் இணைக்கும் முர்ரே-டேவிஸ் கணக்கு 1936-இலிருந்து அச்சுத் தொழிலில் இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். கருப்பின் அழுத்தத்தை டென்சிட்டி என்ற எண்ணால் சொல்வோம், எண் கூடினால் கருப்பு கூடும். டென்சிட்டி 2.3 உள்ள கருப்பு, தன்மேல் விழும் வெளிச்சத்தில் அரை சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். அந்தக் கோட்டில் வெறும் 2 சதவீத இடம் மூடாமல் விட்டுப்போகட்டும். அந்த 2 சதவீத வெள்ளை அனுப்பும் வெளிச்சம், மீதி 98 சதவீதக் கருப்பு அனுப்புவதைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு. டென்சிட்டி 1.6-க்கு இறங்கிவிடும். பளபளப்புப் பேப்பருக்குக் காசு கொடுத்துவிட்டு பளபளப்பில்லாத மேட் பேப்பரின் கருப்பை வாங்கி வருகிறோம்.

சரி, எல்லாத் துளியையும் பெரிதாக்கிவிடலாமா? அதுவும் ஆகாது. கன்னத்திலும் வேட்டியிலும் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளி தெரியும். அதனால்தான் பல போட்டோ பிரிண்டர்கள் ஒரே துவாரத்திலிருந்து சிறிதும் பெரிதுமாகத் துளி விடுகின்றன. பெட்டியில் 1.5 பிகோலிட்டர் (துளியின் கொள்ளளவு, ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர்) என்று போட்டிருப்பது அவற்றில் ஆகச் சிறியது. வெளிர் இடங்களுக்கு அது நல்லது. கோட்டை நிரப்புவது பெரிய துளி. துளியின் கொள்ளளவு எட்டு மடங்கானால்தான் விட்டம் இரண்டு மடங்காகும், அதனால் பெரிய துளி மை குடிக்கத்தான் செய்யும். அப்புறம் பேப்பரும் அந்த மையைத் தாங்க வேண்டும். பூச்சில்லாத பேப்பரில் மை நாருக்குள் இறங்கிவிடும். புள்ளி பரவும், ஆனால் வெளுத்துப்போகும். பூசிய பேப்பரிலும் அளவு மீறினால் மை தேங்கி, கோட்டின் மடிப்பெல்லாம் மறைந்துவிடும்.

எந்தத் துளி, எவ்வளவு மை என்பதை, கம்ப்யூட்டரில் பிரிண்டரை ஓட்டும் மென்பொருளான டிரைவரில் நாம் தேர்ந்தெடுக்கும் பேப்பர் வகையும் தரமும்தான் தீர்மானிக்கின்றன. அவசரத்தில் பல கடைகளில் அவற்றைத் தொடுவதே இல்லை. அந்த அம்மாவின் படத்தை என் பிரிண்டரில் ஒரே பளபளப்புப் பேப்பரில் இரண்டு முறை எடுத்தேன். பிளெயின் பேப்பர் என்று வைத்து வேகமாக ஓட்டியதில் கோட்டின் டென்சிட்டி 1.4. போட்டோ பேப்பர், உயர்ந்த தரம் என்று வைத்ததில் 2.1. அதே மை, அதே பேப்பர். நேரம் மட்டும் கூடுதலாக ஆனது.

அடுத்த முறை பிரிண்டர் பற்றி எழுதும்போது துளி அளவோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். பெரியவர்கள் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கிறவர்கள், கடையில் எந்தப் பேப்பர் செட்டிங் வைத்தார்கள் என்று கேட்கட்டும். மூலப் படத்தைப் பக்கத்தில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் முடியையும் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஃபிரேமுக்குக் கொடுக்கட்டும். அச்சகத்தில் இருந்தபோது வாங்கிய, டென்சிட்டி அளக்கும் டென்சிட்டோமீட்டர் இன்னும் என்னிடம் வேலை செய்கிறது. எங்கள் பக்கத்தில் யார் படத்தைக் கொண்டுவந்தாலும் அளந்து சொல்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாத்தூர்