கோக்கர்ஸ் வாக் 'ஆவி'

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானல் பேய்க் கதைகளைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மேகத்துக்குள் ஆவி நடமாடுவதாக எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. உருவம் தெரிவது உண்மை. அது பார்க்கிறவரின் நிழல்தான்! சாயங்காலம் முதுகுப் பக்கம் வெயில் அடித்து, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் திரண்டிருந்தால், நிழல் பூதம் போல நீண்டு விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் வேறு. பக்கத்தில் நிற்பவரின் நிழல் தெரிந்தாலும், அவர் தலைக்கு வளையம் தெரியாது. அவர் கண்ணுக்கோ நமக்கு இருக்காது. எந்தப் பேய்க் கதையிலும் இப்படி ஒரு விசித்திரம் கிடையாது.

ஜெர்மனியின் புரோக்கன் மலையில் தெரிந்த இந்த உருவத்தை 1780இல் சில்பர்ஷ்லாக் என்பவர் விவரித்தார். அந்த மலையின் பெயரே இதற்கு நிலைத்தது. 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் இத்தகைய வளையங்களைப் பார்த்த இயற்பியலாளர் வில்சன், ஆய்வகத்தில் மேகம் உண்டாக்கப் போய் கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டத் துகள்களின் தடத்தைக் காட்டும் 'மேக அறை'யை உருவாக்கி, 1927இல் நோபல் பரிசே வாங்கிவிட்டார்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இதை விளக்கித் தமிழில் ஒரு பலகை வைத்தால் என்ன?

– ஒரு வாசகர், பெருமாள்மலை