மெக்ஹேல் யார் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபுட்டி (ஆஸ்திரேலிய கால்பந்து) இறுதி ஆட்டம் பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியில், வென்ற அணியின் பயிற்சியாளருக்கு ஜாக் மெக்ஹேல் பதக்கம் கிடைத்தது என்று ஒரே ஒரு வரி இருந்தது. “யார் தாத்தா அது?” என்று பேரன் கேட்டான். செய்தியில் பதில் இல்லை. மெக்ஹேல் வளர்ந்த மெல்பர்ன் புறநகர் கோபர்க்கில்தான் நானும் பல வருடமாகக் குடியிருக்கிறேன். சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

1882இல் சிட்னியில் பிறந்தவர். ஜேம்ஸ் என்பது இயற்பெயர். 1903இல் மெல்பர்னின் காலிங்வுட் அணிக்கு ஆட வந்தார். 1906 முதல் 1917 வரை தொடர்ந்து 191 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை. ஆள்மேல் ஆள் விழுந்து மோதுகிற விளையாட்டில் பதினொரு வருடம் இப்படி ஆடுவதை நினைத்துப் பாருங்கள். 1912இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, பயிற்சியாளர் பொறுப்பும் வந்தது. 1949 வரை அதை விடவில்லை. 38 சீசன், 714 ஆட்டம், எட்டு கோப்பை, எல்லாம் ஒரே அணிக்கு. அந்த 714ஐ 2015இல் மிக் மால்ட்ஹவுஸ் தாண்டினார். அவர் நான்கு அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

என்னை உருக்குவது சம்பள விஷயம். மெக்ஹேலுக்குப் பிழைப்பு பீர் ஆலை வேலை. பயிற்சியெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். ஆட்டக்காரருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதுவே எனக்கும் போதும் என்று இருந்தார். 1930இல் ஒரு ஆட்டக்காரருக்கு வாரம் மூன்று பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று லீக் விதி போட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் காலிங்வுட் தெருக்களைப் பிடித்து ஆட்டிய காலம் அது. தங்களைப் போலவே கூலி வாங்குகிற மனிதர் ஓடு என்றால் பையன்கள் ஏன் ஓடமாட்டார்கள்?

1927 முதல் 1930 வரை காலிங்வுட்டுக்குத் தொடர்ந்து நான்கு கோப்பை. அந்த லீக்கில் வேறு எந்த அணிக்கும் இன்றுவரை இது வாய்க்கவில்லை. 1929இல் லீக் சுற்றின் 18 ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அணியின் ஆட்டக்காரர் கார்டன் கவென்ட்ரி மட்டும் அந்த வருடம் 124 கோல். 1930 இறுதி ஆட்டத்தன்று மெக்ஹேல் காய்ச்சலில் படுத்துவிட்டார். பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்த பையன்கள், அவர் இல்லாமலே ஜீலாங்கை ஜெயித்தார்கள். அப்படியானால் அவர் தேவையே இல்லையே என்று சிலர் கேட்கலாம். அவர் வளர்த்துவிட்ட விதத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்பேன்.

போன ஞாயிறு பேரனைக் காலிங்வுட்டின் பழைய மைதானமான விக்டோரியா பார்க்குக்குக் கூட்டிப்போனேன். ஸ்டேஷனை ஒட்டியே மைதானம். இப்போது யாரும் உள்ளே போகலாம், நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய ஸ்டாண்டில் உட்கார்ந்து, கடைசிக் கதையையும் சொன்னேன். 1953இல், 17 வருடம் கழித்துக் காலிங்வுட் கோப்பை வென்றது. மறுநாள் மெக்ஹேலுக்கு மாரடைப்பு. அக்டோபர் 4இல் போய்விட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து, மைதானத்தின் நடுவில் போய்ப் பந்தை உதைத்தான்.

அடுத்த செப்டம்பருக்குள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபர்க், மெல்பர்ன்